எகனாமிக்கா, எகனாமிகலா?

இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் வேர் ஒன்றுதான். கிரேக்கத்தில் 'ஓய்கோஸ்' என்றால் வீடு, 'நெமெய்ன்' என்றால் நிர்வகித்தல். வீட்டு நிர்வாகத்தில் தொடங்கிய சொல் பின்னர் நாட்டின் பொருளாதாரத்தையும் குறித்தது.

பொருள்:
எகனாமிக் – பொருளாதாரம் சார்ந்த
எகனாமிகல் – சிக்கனமான

சேர்ந்து வரும் சொற்கள்:
எகனாமிக் பாலிசி, எகனாமிக் குரோத்
எகனாமிகல் கார், அதாவது குறைந்த எரிபொருளில் ஓடுவது

அதிகம் பிழையாவது 'எகனாமிகல் கிரைசிஸ்'. அது 'சிக்கனமான நெருக்கடி' என்று பொருள் தந்துவிடும். 'எகனாமிக் கிரைசிஸ்' என்பதே சரி. எழுதுமுன் அந்த இடத்தில் 'சிக்கனமான' என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் எகனாமிகல்.

வினையடையில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். இரண்டுக்கும் 'எகனாமிகலி' ஒன்றே. எந்தப் பொருள் என்பதைச் சூழல்தான் சொல்லும்.

நாடு, சந்தை, வேலைவாய்ப்பு பற்றி எழுதுகிறீர்களா? எகனாமிக். பணமோ நேரமோ மிச்சமாவதைச் சொல்ல எகனாமிகல்.