இரண்டு வயதுக் குழந்தையுடன் கொச்சி வொண்டர்லாவா, குற்றாலமா?

திருநெல்வேலியிலிருந்து கைக்குழந்தைப் பருவத்தை இப்போதுதான் தாண்டிய பிள்ளையுடன் கிளம்பும் பெற்றோர், கொச்சிக்கு அருகே 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பெரிய கேளிக்கைப் பூங்காவான வொண்டர்லாவையும், பக்கத்திலேயே இருக்கும் குற்றாலத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்பு.

வொண்டர்லாவில் குழந்தைக் கட்டணத்தை முடிவுசெய்வது வயதன்று, உயரம். 85 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குச் சீட்டு வேண்டியதில்லை. இரண்டு வயதில் பல பிள்ளைகள் இந்த அளவை ஒட்டியே இருப்பதால், வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துவிட்டுப் புறப்படுவது நல்லது. ஆனால் பெரிய ராட்டினங்களில் இந்த உயரத்துப் பிள்ளைக்கு இடமில்லை என்பதால், தாய் ஏறும்போது தந்தையும் தந்தை ஏறும்போது தாயுமாகக் குழந்தையோடு வெளியே காத்திருக்க நேர்கிறது. நீர்க்குளங்களில் பருத்தி உடைக்கு அனுமதியில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். போவதற்கு இரவு முழுவதும் ஓடும் பாலருவி விரைவு ரயில் வசதியானது. பிள்ளை தூங்கிக்கொண்டே எர்ணாகுளம் சேர்ந்துவிடும்.

குற்றாலத்துக்குச் சாலைவழி இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் சாரலே பிள்ளைக்குப் போதுமான விளையாட்டு. எனினும் 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்ததை மறக்கலாகாது. மலையில் மழை என்றால் அருவிப்பக்கமே போகக்கூடாது. மற்ற நாள்களிலும் பிள்ளையை அருவியின் கீழ் நிறுத்தாமல், ஓரத்தில் மடியில் வைத்துக் கையால் நீரள்ளி ஊற்றுவதே சரி.

மூன்று வயது நிறையும்வரை நான் குற்றாலத்தையே தேர்வேன். ஐந்தருவிச் சாலையிலுள்ள படகுக் குழாமும் சுற்றுச்சூழல் பூங்காவும் ஒரு பகலுக்குப் போதும், மாலையில் பிள்ளை வீட்டுத் தொட்டிலில் தூங்கலாம்.