கொலுசுப் பட்டறைக்கும் சேகோ மில்லுக்கும் ஒரே பில்லிங் மென்பொருள்: கிட் எதுவரை கைகொடுக்கும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை, ஆத்தூர்ப் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) மில், ஏற்காடு காபி எஸ்டேட். மூன்றுக்கும் ஒரே பில்லிங் மென்பொருளைத் திருத்தித் திருத்திக் கொடுப்பவர்களுக்கு, கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) அருமையான கருவி. இலவசம், நெட் இல்லாமலும் கமிட் (மாற்றத்தின் பதிவு) போடலாம், மலையில் மழை நாளில் அது பெரிய வசதி. ஆனால் தொழிலுக்கு ஒரு பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) என்று பிரித்தால் கை சுடும்.

பிராஞ்ச் என்பது பிறகு மெர்ஜ் ஆகப்போகும், அதாவது மெயினோடு சேரப்போகும் வேலைக்கு. வெள்ளியும் சேகோவும் என்றைக்கும் மெர்ஜ் ஆகாது. ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்து இன்னொரு பிராஞ்சில் போட்டால், அதாவது செர்ரி-பிக் செய்தால், அது புது ஹாஷோடு (கமிட்டின் அடையாள எண்) வேறு கமிட்டாகிவிடும். எங்கே போனது, எங்கே விட்டுப்போனது என்று லாக்கில் தெரியாது. செர்ரி-பிக் கட்டளையோடு ‘மைனஸ் எக்ஸ்’ (-x) போட்டால் மூல ஹாஷாவது மெசேஜில் பதியும். ‘கிட் செர்ரி’ கட்டளை டிஃப்பை (மாறிய வரிகளை) ஒப்பிட்டு விட்டுப்போனதைக் காட்டும். ஆனால் கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தில் மாற்றங்கள் மோதுவது) வந்து கையால் ஒரு வரியை மாற்றியிருந்தால், போட்ட திருத்தத்தையும் போடாததாகவே காட்டும். கிட்டின் ‘ரெரெரெ’ (rerere) வசதியை ஆன் செய்தால் கான்ஃப்ளிக்டைத் தீர்த்த விதம் நினைவிருக்கும், அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்.

2025 செப்டம்பர் 22 ஜிஎஸ்டி மாற்றம் இதற்கு நல்ல சோதனை. வரி விகிதத்தைக் கோடுக்குள் எண்ணாக எழுதியிருந்தால் மூன்று பிராஞ்சிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். மாற்றிய பிறகு பழைய பில்லை மறுபடி பிரின்ட் எடுத்தால் அதில் புது விகிதம் விழும். ‘எந்தத் தேதியிலிருந்து’ என்ற பத்தியோடு (column) விகிதங்களை டேபிளில் வைத்தால் ஒரு வரிசை (row) சேர்த்தால் போதும்.

சரியான வழி ஒரே மெயின் பிராஞ்ச். வித்தியாசமெல்லாம் தொழிலுக்கு ஒன்றாக வைக்கும் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில். வெள்ளிக்குக் கிராமில் மூன்று தசமம், டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம், கூலி. சேகோவுக்கு 90 கிலோ மூட்டை, மரவள்ளிக் கிழங்குக்குப் பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) கணக்கு. காபிக்கு செர்ரியும் (பழம்) பார்ச்மென்ட்டும் (தோல் நீக்கி உமியோடு காய்ந்த கொட்டை) தனித்தனி ஸ்டாக். ஒவ்வொரு கமிட்டுக்கும் மூன்று கான்ஃபிக்கிலும் டெஸ்ட் ஓட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளிக்குப் போட்ட தசமம் சேகோ பில்லில் ‘90.000’ என்று வந்து நிற்கும். கான்ஃபிக்கில் ஆன்/ஆஃப் சுவிட்சுகளைப் பெருக்க வேண்டாம்: பத்து சுவிட்ச் என்றாலே 1024 சேர்க்கை.

பொதுப் பகுதியை சப்மாட்யூலாக (ஒரு கிட் களஞ்சியத்துக்குள் இன்னொரு களஞ்சியம்) பிரிப்பதைப் பரிந்துரைக்க மாட்டோம். உள்ளே இருப்பதை புஷ் செய்யாமல் (சர்வருக்கு அனுப்பாமல்) வெளியே இருப்பதை மட்டும் புஷ் செய்தால் அடுத்தவருக்கு அந்த கமிட்டே கிடைக்காது.

ஏற்கெனவே பிரிந்துவிட்டதா? பிராஞ்சுகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு ‘டிஃப் ஸ்டாட்’ (எந்த ஃபைல் எவ்வளவு வேறுபடுகிறது என்ற பட்டியல்) எடுங்கள். குறைவாக வேறுபடும் ஃபைலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வித்தியாசத்தையும் ‘தொழிலுக்காகவா, மறந்து விட்டதா’ என்று கேட்டுப் பிரியுங்கள். முதல் வகை கான்ஃபிக்குக்கு, இரண்டாவது மெயினுக்கு.