ஃபோர் வீல் பிக்கப்: லீவரா, நாபா?

திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் ஐப்பசி மழையில் கரிசல் காட்டுக்குள் வண்டி இறக்குகிறவர்களுக்கு ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் வசதி) தேவையா என்ற கேள்வியே இல்லை. பொலேரோ கேம்பர் மாதிரி லீவர் போடுவதா, இசுசு வி-கிராஸ் மாதிரி நாப் திருகுவதா என்பதுதான் பேச்சு. விலையும் வசதியும் ஷோரூமிலேயே தெரிந்துவிடும். பழுது எங்கே விழும் என்று பார்த்தால் என் ஓட்டு நாபுக்கு.

லீவரில் கியர் பல் சேருவது கையிலேயே தெரியும். புஷ் (லீவரைத் தாங்கும் வளையம்) தேய்ந்தால் லீவர் ஆடும், சரிவில் ஃபோர் லோ (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் நிலை) தானாகக் கழன்றுகொள்ளும். புஷ்ஷை லேத் பட்டறையில் கடைந்து போட்டுவிடலாம். ஆனால் வண்டி உருளும்போதே அவசரத்தில் ஃபோர் லோவை இழுத்துப் பல் உடைந்தால், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையே இறக்க வேண்டும். நாப் வண்டியில் பல்லைச் சேர்ப்பது ஷிஃப்ட் மோட்டார்; அதை இயக்கும் கண்ட்ரோல் யூனிட் அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்காது. கோளாறும் பெரும்பாலும் வெளியிலேயே நிற்கும்.

டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் “மோட்டார் போச்சு” என்பதுதான் பட்டறையில் முதலில் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து பத்தடி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பல் நேருக்கு நேர் வராவிட்டாலும் மின்னும். ஃபோர் ஹை (வழக்கமான வேகத்துக்கான ஃபோர் வீல் நிலை) விழுந்து ஃபோர் லோ மட்டும் விழவில்லையா? வண்டி முழுசாக நின்று, கியர் நியூட்ரலில், கிளட்ச் மிதித்திருக்க வேண்டும். அப்படியும் அடம்பிடித்தால் கிளட்ச், நியூட்ரல் சுவிட்சுகளைப் பாருங்கள். எஞ்சின் அணைத்த பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்குக் குறைவு என்றால் முதலில் சார்ஜ். அடுத்தது ஃபியூஸ், ரிலே.

பிறகு அடியில் படுத்து, ஷிஃப்ட் மோட்டாரின் வயர் இணைப்பான கப்ளரைக் கழற்றுங்கள். கரிசல் சேறு அப்பினால் ஈரம் லேசில் போகாது. பின்களில் பச்சை பூத்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு மாட்டுங்கள். மாட்டிய நிலையிலேயே கப்ளரின் பின்புறமாக மோட்டாரின் இரண்டு தடித்த வயர்களிலும் மீட்டர் முனைகளை வைத்து, வேறொருவரை நாப் திருகச் சொல்லுங்கள். சில நொடி 12 வோல்ட் வரும். எதிர்ப்பக்கம் திருகினால் மைனஸில் காட்டும். கரண்ட் வந்தும் மோட்டார் முனகவில்லை என்றால் அது சிக்கியிருக்கலாம், இல்லை உள்ளேயே போயிருக்கலாம். கரண்டே வரவில்லை என்றால் நாப், வயர், ரிலே, கண்ட்ரோல் யூனிட் என்று மேலே தேட வேண்டும். மோட்டார் ஓடியும் மின்னினால் கோளாறு அது எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் பொசிஷன் சென்சார், இல்லையேல் முன் ஆக்சிலை இணைக்கும் அமைப்பு. வேக்கத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) வேலை செய்கிற வண்டிகளில் ரப்பர் ஹோஸ் வெயிலில் வெடித்திருக்கலாம்.

சிக்கிய மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் ஓடுவதுண்டு; எத்தனை மழைக்குத் தாங்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். தண்ணீர் குடித்த கண்ட்ரோல் யூனிட் மட்டும் பெரிய செலவு. நாபின் பலவீனம் அதுதான்.

மோட்டார் சும்மா கிடந்தாலும் சிக்கும். கோடை முழுக்கத் தொடாமல் விடாதீர்கள். மாதம் ஒருமுறை மண் பாதையில் ஃபோர் ஹை போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள். தார் ரோட்டில் வேண்டாம், திருப்பும்போது இறுகிக்கொள்ளும். செகண்ட் ஹேண்ட் என்றால் சாவி போட்டதும் ஃபோர் வீல் விளக்கு எரிந்து அணைகிறதா பாருங்கள். பல்பைப் பிடுங்கிவிட்டு விற்கிறவர்களும் உண்டு.