மொரினியோவா, க்ளோப்பா: புது மேனேஜரிடம் எதைக் கேட்பது?

கால்பந்து கிளப்புக்குப் புது மேனேஜர், அதாவது தலைமைக் கோச், வந்தால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது வழக்கம். ஒரு கட்சிக்கு இந்த வருஷமே கப் வேண்டும். இன்னொரு கட்சி, "பொறுங்கப்பா, மூணு வருஷம் கொடுங்க, டீமைக் கட்டட்டும்" என்னும். நான் பல வருஷம் முதல் கட்சியில் கொடி பிடித்தவன். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன், அதுவும் ஃபெர்குசன் மேனேஜராக இருந்து கப் கப்பாக ஜெயித்த காலத்தில் மேட்ச் பார்க்கப் பழகியவன், அதனால் கப் என்பது தீபாவளி மாதிரி தானாக வரும் என்ற நினைப்பு ஊறிப்போயிருந்தது. இப்போது கட்சி மாறிவிட்டேன். மாற்றியது எந்தத் தத்துவமும் இல்லை, ஏழரை மாத இடைவெளியில் நடந்த இரண்டு நியமனங்கள்தான்.

2015 அக்டோபரில் லிவர்பூல் யுர்கன் க்ளோப்பைக் கொண்டுவந்தது. 2016 மே மாதம் யுனைடெட் ஜோஸே மொரினியோவைக் கொண்டுவந்தது. என் மச்சான் லிவர்பூல் ஆள். அன்றைக்கு அவனுக்குப் போன் போட்டு, "உங்களுக்கு வாத்தியார், எங்களுக்கு வசூல் மன்னன்" என்று நான் சொன்னதை அவன் இன்னும் மறக்கவில்லை, பண்டிகைக்குக் குடும்பம் கூடினால் எல்லார் முன்னாடியும் எடுத்து விடுவான்.

முதலில் கணக்குப்படி பார்த்துவிடலாம், இதில் பெரிய சண்டை இல்லை. முதல் இரண்டு வருஷத்தை மட்டும் வைத்தால் மொரினியோ ஜெயித்தார். முதல் சீசனிலேயே உள்ளூர் லீக் கப், அப்புறம் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கப்பான யூரோபா லீக். ஸ்டாக்ஹோமில் அயாக்ஸை 2-0 என்று அடித்த அந்த இறுதி ஆட்டம் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டே காலுக்கு ஆரம்பம், மறுநாள் ஆபீஸில் தூங்கி வழிந்தேன், ஆனால் வாயெல்லாம் பல். அதற்கு அடுத்த சீசன் 81 பாயிண்டுடன் இரண்டாம் இடம். மான்செஸ்டர் சிட்டி 100 எடுத்து முதலிடம் வந்தது வேறு கதை. க்ளோப்போ முதல் சீசனில் எட்டாவது இடம், லீக் கப் இறுதியில் பெனால்டியில் தோல்வி, யூரோபா லீக் இறுதியில் செவில்லாவிடம் 3-1 தோல்வி. 2018இல் ஐரோப்பாவின் பெரிய கப்பான சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போய் அதிலும் தோற்றார். மூன்று இறுதி, மூன்றிலும் வெறுங்கை. "இறுதி வரைக்கும் டிக்கெட், கப்புக்கு டிக்கெட் இல்லை" என்று நாங்கள் செய்யாத கிண்டல் இல்லை.

அந்தக் கிண்டலின் உச்சம் 2015 டிசம்பர். வெஸ்ட் புரோம் அணியோடு சொந்த மைதானத்தில் மேட்ச், 96வது நிமிஷம் லிவர்பூலின் ஒரிகி அடித்த பந்து எதிராளி மேல் பட்டு உள்ளே போய் 2-2. டிரா. ஜெயிக்கவில்லை, டிராதான். அதற்கு க்ளோப் ஆட்டக்காரர்கள் எல்லாரையும் வரிசையாகக் கைகோக்க வைத்து, தீவிர ரசிகர்கள் கூடும் கோப் ஸ்டாண்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி ரசிகர்களுக்கு வணக்கம் போட வைத்தார். வெஸ்ட் புரோமோடு டிரா பண்ணியதற்குக் கொண்டாட்டமா என்று ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் கொண்டாடியது ஸ்கோரை இல்லை, ஸ்கோர் பின்தங்கியிருந்தும் எழுந்து போகாமல் கடைசி நிமிஷம் வரை கத்திய கூட்டத்தை. கொஞ்ச நாள் முன்னாடி கிறிஸ்டல் பேலஸிடம் தோற்ற மேட்சில் 82வது நிமிஷமே ஆட்கள் கிளம்பிப் போனதைப் பார்த்துத் தனியாக நிற்பது போல் இருந்தது என்று சொன்னவர் அவர். வந்து இரண்டு மாதத்தில் மைதானத்தின் சுபாவத்தையே மாற்ற வேலை பார்த்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

மொரினியோ பக்கம் இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று உண்டு. 2018 மார்ச், சாம்பியன்ஸ் லீக்கில் செவில்லாவிடம் எங்கள் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டிலேயே தோற்று வெளியேறினோம். கொதித்துப்போய் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தால், மனிதர் பேட்டியில் இது இந்தக் கிளப்புக்கு ஒன்றும் புதுசு இல்லை, நானே இதே நாற்காலியில் இரண்டு தடவை எதிரணி கோச்சாக உட்கார்ந்து இவர்களை வெளியேற்றியிருக்கிறேன் என்கிறார். போர்ட்டோவோடு ஒரு தடவை, ரியல் மாட்ரிட்டோடு ஒரு தடவை. உண்மைதான். ஆனால் நம் வீட்டுச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால், சமைத்தவரே "போன வருஷம் பக்கத்து வீட்டில் நான் சமைத்தபோது எப்படி இருந்தது தெரியுமா" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

சரி, இதெல்லாம் குணம், பேச்சு. இதை வைத்துக் கட்சி மாற மாட்டேன். என்னை மாற்றியது ஒரே ஒரு விஷயம்: ஒரு மேனேஜர் கிளம்பிப் போன பிறகு வீட்டில் என்ன மிச்சம் இருந்தது என்பது. கார் வாங்கும்போது மைலேஜ், கலர் எல்லாம் பார்த்துவிட்டு விற்கும்போது என்ன வரும் என்று கடைசியில் கேட்போம் இல்லையா, மேனேஜருக்கு அந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மொரினியோ மான்செஸ்டரில் இருந்த இரண்டரை வருஷமும் லவுரி ஹோட்டலில்தான் தங்கியிருந்தார். வீடு எடுக்கவில்லை, குடும்பம் லண்டனில். அது அவர் சொந்த விஷயம், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அவர் ஆள் எடுத்த விதத்தைப் பார்த்தால் ஹோட்டலில் தங்குகிறவன் சாமான் வாங்குகிற மாதிரியேதான் இருந்தது. போக்பா 8.9 கோடி பவுண்டு, அன்றைய உலக சாதனை விலை. இப்ராஹிமோவிச், 34 வயதில், விலையில்லாமல். 2018 ஜனவரியில் மிகிடாரியனை ஆர்சனலுக்குக் கொடுத்துவிட்டு அலெக்ஸிஸ் சான்செஸை வாங்கினார், பியானோ வாசிக்கிற வீடியோவோடு அறிவிப்பு வந்தது, அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கிளப்பிலேயே பெரிய சம்பளக்காரர்களில் ஒருவர். ஆடியது 45 ஆட்டம், கோல் 5. மொரினியோ போன பிறகும் அந்தச் சம்பளம் போகவில்லை. 2019இல் இன்டர் மிலானுக்கு இரவல் கொடுத்தோம், 2020இல் காசு வாங்காமலே அனுப்பி வைத்தோம். போக்பா 2022இல் ஒப்பந்தம் முடிந்து சும்மா யுவென்டஸுக்குப் போய்விட்டார். வாடகை வீட்டைக் காலி பண்ணிப் போனவர் சுவர் முழுக்க ஆணி அடித்து வைத்துவிட்டுப் போன மாதிரி, அடுத்து வந்தவர்கள் ஆணி பிடுங்குவதிலேயே பாதிக் காலத்தைக் கழித்தார்கள்.

க்ளோப் காலத்தில் வந்தவர்கள்: சலா, வான் டைக், அலிசன். ஹல் சிட்டி இரண்டாம் டிவிஷனுக்குத் தரமிறங்கியபோது அங்கிருந்து சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு வந்த ராபர்ட்சன். கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியான அகாடமியிலிருந்து மேலே வந்த டிரென்ட். கூட்டின்யோவை பார்சலோனாவுக்கு விற்றபோது மச்சான் அழாத குறை, அதே ஜனவரியில்தான் வான் டைக் 7.5 கோடிக்கு வந்தார், அடுத்த கோடையில் அலிசன். 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் முப்பது வருஷம் கழித்து லீக், 99 பாயிண்ட். முதல் நாள் பேட்டியிலேயே, நாலு வருஷம் கழித்தும் இங்கே உட்கார்ந்திருந்தால் ஒரு கப்பாவது இருக்கும் என்று சொன்னவர். நாலு வருஷம் முடிய நாலு மாதம் இருக்கும்போது மாட்ரிட்டில் கப்பைத் தூக்கினார்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் இந்தக் கப்புகளில் இல்லை. 2024இல் க்ளோப் போனார், ஆர்னே ஸ்லாட் வந்தார். களத்தில் இறக்க அந்தக் கோடையில் வாங்கியது கியேசா ஒருத்தரைத்தான், அவரும் பெரும்பாலும் பெஞ்சில். மற்றபடி க்ளோப் விட்டுப்போன அதே ஆட்கள். சலா 29 லீக் கோல். ஆறாம் நம்பர் இடத்துக்கு, அதாவது தற்காப்புக்கு முன்னால் நிற்கிற நடுக்கள இடத்துக்கு, ஆள் தேடிக் கிடைக்காமல், வீட்டிலேயே இருந்த கிராவென்பெர்கை அங்கே நிறுத்திப் பார்த்தார், பிடித்துக்கொண்டது. 2025 ஏப்ரல் 27, டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்து லீக்கை முடித்துவிட்டார்கள். லிவர்பூலுக்கு 20வது லீக் பட்டம். எங்களுக்கும் 20. இரவு பதினொரு மணிக்கு மச்சானிடமிருந்து ஒரு மெசேஜ், எழுத்து ஒன்றும் இல்லை, "20 = 20" மட்டும்.

புதுசாக வந்தவர் முதல் வருஷமே ஜெயிக்கிறார் என்றால் அது முந்தையவர் விட்டுப்போனதின் விலையும்தான். 2018 டிசம்பர் 16ஆம் தேதி லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் நாங்கள் ஆடிய மேட்ச் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு ராத்திரி ஒன்பதரை மணி. இடைவேளையில் 1-1, அப்புறம் லிவர்பூலின் ஷகிரி பெஞ்சிலிருந்து வந்து இரண்டு கோல், தரமிறங்கிய ஸ்டோக்கிலிருந்து 1.3 கோடிக்கு வாங்கிய ஆள். எங்கள் பக்கம் 8.9 கோடி போக்பா கடைசிவரை பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார், இறக்கவே இல்லை. 3-1. லீக் பட்டியலில் 19 பாயிண்ட் வித்தியாசம். இரண்டு நாளில் மொரினியோவை அனுப்பிவிட்டார்கள்.

மொரினியோவுக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும், இல்லையென்றால் நியாயம் இல்லை. 2018 கோடையில் அவர் கேட்ட சென்டர் டிஃபென்டரைக் கிளப் வாங்கித் தரவில்லை, அடுத்த வருஷமே மக்வயருக்கு 8 கோடி கொட்டியது. அவர் எடுத்த லுகாகுவை வாங்கிய விலைக்குக் கிட்டத்தட்ட விற்க முடிந்தது, அதனால் எல்லாமே ஆணி இல்லை. அந்த ஆட்களை வைத்து இரண்டாம் இடம் வந்ததுதான் தன் பெரிய சாதனைகளில் ஒன்று என்று அவர் பின்னாடி சொன்னபோது சிரித்தேன், அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. இந்தப் பக்கம் க்ளோப்புக்கும் எல்லாப் பெருமையும் போகாது, சலாவை எடுக்கச் சொல்லி விடாமல் நின்றது ஆட்கள் தேர்வுக் குழுதான். ஆக, நான் மேனேஜரைத்தான் எடை போடுகிறேனா, இல்லை அவருக்குப் பின்னால் இருக்கிற அலுவலகத்தையா என்று கேட்டால் பதில் முழுசாக என்னிடம் இல்லை. இரண்டாவதுதான் என்று சந்தேகம்.

"டைம் கொடு" கட்சியின் மந்திரத்தையும் நான் அப்படியே ஜபிக்கவில்லை. ஃபெர்குசனுக்கு முதல் கப் வர 1990 ஆயிற்று, மூன்றரை வருஷம், பார்த்தீர்களா என்று எல்லாரும் அதையே எடுத்து வீசுகிறார்கள், அது வேறு காலம், விட்டுவிடுங்கள். ஃபெர்குசனுக்கு அடுத்து வந்த மோயஸுக்கு ஆறு வருஷ ஒப்பந்தமே கொடுத்தார்கள், பத்து மாதம்கூடத் தாண்டவில்லை. டைம் கொடுத்தால் மட்டும் வீடு எழும்பாது, கொத்தனார் வேண்டும். "நம்ம பையன்" என்ற மூன்றாவது கட்சியும் ஒன்று உண்டு, மொரினியோவுக்கு அடுத்து எங்கள் பழைய ஆட்டக்காரர் சோல்ஷார் வந்தபோது நான் அதிலும் மூன்று மாதம் இருந்தேன், பாரிஸில் பிஎஸ்ஜியை 3-1 அடித்த ராத்திரி யாராக இருந்தாலும் இருந்திருப்பார்கள், அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குத் தெம்பு இல்லை.

இந்த அளவுகோல் எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்றால், சந்தேகம்தான். செல்சியில் கான்டே வந்த முதல் சீசனே லீக் அடித்தார், ஏனென்றால் வீடு ஏற்கெனவே கட்டியிருந்தது, பெயின்ட் அடிக்கத்தான் ஆள் தேவை. அங்கே போய் மூன்று வருஷத் திட்டம் பேசினால் சிரிப்பார்கள். நம்ம ஊர் லீக்கான ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) சென்னையின் எஃப்சியை எடுத்தால் கோச் கிரெகரி 2018இல் கப் ஜெயித்துக் கொடுத்தார், அடுத்த சீசன் அதே கோச், 18 ஆட்டத்தில் 9 பாயிண்ட், கடைசி இடம். அதற்கடுத்த சீசன் நடுவில் ஓவன் காயில் வந்து அதே அணியை இறுதிக்கே கொண்டுபோனார். ஐஎஸ்எல் போல அடிக்கடி ஆள் மாறுகிற இடத்தில் "மிச்சம்" என்று எதைச் சொல்வது, எனக்கு அங்கே பிடி கிடைக்கவில்லை.

ஆனால் இங்கிலாந்தில் பெரிய கிளப், வீடு பாழாய்க் கிடக்கிறது, புது மேனேஜர் வருகிறார் என்றால் இப்போது நான் முதல் வருஷம் கப் கேட்பதில்லை. வாங்குகிற ஆளின் வயசைப் பார்ப்பேன், இருபத்து மூன்றா முப்பத்து மூன்றா. இந்த ஆளை வேறு ஆட்டமுறை வைத்திருக்கிற இன்னொரு கோச்சும் உபயோகிக்க முடியுமா என்று பார்ப்பேன். அகாடமிப் பையன் எவனாவது வாரா வாரம் இறங்குகிறானா, கடைசி நிமிஷம் வரை கூட்டம் உட்கார்ந்திருக்கிறதா, அவ்வளவுதான். எட்டாவது இடம் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

போன வாரம் இதை மச்சானிடம் சொன்னபோது, "நிஜமாவே மூணு வருஷம் பொறுப்பியா மாப்ள?" என்று கேட்டான். லிவர்பூலிடம் அஞ்சு கோல் வாங்கினாலுமா என்றான். வாங்கினாலும் பொறுப்பேன் என்றேன்.

"ஏழு?" என்றான்.

போனை வைத்துவிட்டேன்.