1969 ஷெவர்லே சி10: எஞ்சின் எது என்று தெரிந்த பிறகுதான் பவர் ஸ்டியரிங் பொருந்தியது

வண்டியை விற்றவர் "327 எஞ்சின்" என்றார், அதாவது 327 கன அங்குலக் கொள்ளளவு. ஏர் கிளீனர் மூடியில் இருந்த ஸ்டிக்கரில் 350 என்று இருந்தது. வண்டி எண்ணோ 'சிஎஸ்' என்று தொடங்கியது. அந்த வருடத்து ஷெவர்லே பிக்கப்பில் இரண்டாவது எழுத்து 'எஸ்' என்றால் ஆறு சிலிண்டரோடு தொழிற்சாலையை விட்டு வந்த வண்டி. 'இ' என்றால் வி8, அதாவது எட்டு சிலிண்டர். பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது வி8. எஞ்சின் மாறியிருக்கிறது, அது வரைக்கும் சரி. வந்து உட்கார்ந்திருப்பது எது?

நன்றாக ஓடியதால் முதல் வருடம் நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தேட வைத்தது ஸ்டியரிங்தான். ஓடும்போது தொந்தரவில்லை. ஆனால் நெருக்கமான இடத்தில் நிறுத்த ஐந்து சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும், இரண்டு தோளும் விட்டுப்போகும். பவர் ஸ்டியரிங் போட்டுவிடலாம் என்று '1969 சி10 வி8' என்று குறிப்பிட்டிருந்த பம்ப் பிராக்கெட்டை வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் பம்ப் புல்லி, கிராங்க் புல்லிக்கு ஓர் அங்குலத்துக்கும் மேல் பின்னால் நிற்கிறது. பெல்ட் போடவே வழியில்லை.

காரணம் வாட்டர் பம்ப். ஷெவர்லே ஸ்மால் பிளாக்கில் (327, 350 எல்லாம் இந்த வி8 குடும்பம்தான்) குட்டை பம்ப், நெட்டை பம்ப் என்று இரண்டு உண்டு. பிக்கப்களில் 1972 வரை குட்டை, 1973 முதல் நெட்டை. நீளத்தில் ஏறக்குறைய 1 5/16 அங்குலம் வித்தியாசம், அதற்கேற்ப எல்லாப் புல்லிகளும் முன்னால் வந்துவிடும். என் எஞ்சினில் இருந்தது நெட்டை. இன்னொன்று, பிராக்கெட்டைப் பிடிக்கும் போல்ட் ஓட்டைகள் ஹெட்டின் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) முனையில் இருக்க வேண்டும். 1969-க்கு முந்தைய ஹெட்களில் பொதுவாக அவை கிடையாது. ஆக, பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல்), ஹெட் இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் அடுத்த பொருளை வாங்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பிளாக்கை வார்க்கும்போதே அதில் பதியும் வார்ப்பு எண் பிளாக்கின் பின்பக்கம், ஓட்டுநர் பக்க ஹெட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பின் மேல் இருக்கும். அங்கே பல வருடத்து எண்ணெயும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரி உறைந்திருந்தது. டீகிரீசர் அடித்து ஊறவிட்டு, வயர் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்தேன். தலை நுழையாத இடம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, போனை உள்ளே விட்டுப் படம் எடுத்தேன். எண்கள் தெளியவில்லை. சாக்பீஸைத் தட்டையாக வைத்து மேலே தேய்த்த பிறகுதான் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன: 3970010.

பெரும்பாலும் 350-க்கான எண்தான் இது. ஆனால் 1969-இல் சில 302, 327 எஞ்சின்களும் இதே வார்ப்பில் வந்தன. அதனால் விற்றவர் சொன்னதை அதோடு தள்ளிவிட முடியவில்லை. தீர்த்து வைத்தது மறுபக்கத்தில் இருந்த வார்ப்புத் தேதி: 'எச் 23 7'. எட்டாவது எழுத்து, அதாவது ஆகஸ்ட் 23. வருடத்தின் கடைசி இலக்கம் 7. எந்தப் பத்தாண்டு என்று எழுதியிருக்காது. ஆனால் 1967-இல் இந்த வார்ப்பே இல்லை, எனவே 1977. அதற்குள் 327 நின்று பல வருடமாகிவிட்டது. ஸ்டிக்கர் சொன்னதுதான் சரி, 350.

பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால் முத்திரைக் குறியீடு இருக்க வேண்டிய பட்டை வழவழவென்றிருந்தது. யாரோ எஞ்சின் வேலை பார்த்தபோது மேற்பரப்பைச் சீவியிருக்கிறார்கள். வால்வ் கவரைக் கழற்றினால் ஹெட்டில் 333882. 1974 முதல் வந்தது, பிராக்கெட் ஓட்டைகள் இருக்கின்றன. விரிசல் விடும் என்று பெயர் வாங்கிய ஹெட் இது. கூலன்ட் அளவை இன்றும் வாரம் ஒருமுறை பார்க்கிறேன், இதுவரை குறையவில்லை.

நெட்டை பம்புக்கான பிராக்கெட்டும் புல்லியும் வந்தபின் பெல்ட் நேராக உட்கார்ந்தது. ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரத் திருப்பமாக மாற்றும் கியர் பெட்டி) பழைய சாகினா பவர் பாக்ஸ். அது மேனுவல் பாக்ஸைவிட நீளம் என்பதால் ஸ்டியரிங் வீலிலிருந்து பாக்ஸுக்கு வரும் ஷாஃப்டைக் குறைக்க வேண்டியிருந்தது, பாக்ஸைச் சக்கரங்களின் இணைப்புக் கம்பிகளோடு சேர்க்கும் பிட்மேன் ஆர்மையும் மாற்றினேன். ஷாஃப்ட் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்டியரிங்கில் அரைகுறை வெல்டிங் உயிருக்கு ஆபத்து.

எண்ணெய் ஊற்றியதும் எஞ்சினை ஓட்டிவிடாதீர்கள். முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சின் ஓடாமலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவையாவது திருப்புங்கள். நான் அவசரப்பட்டதில் எண்ணெய் நுரைத்து, பம்ப் இரண்டு நாள் முனகியது.

மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போது மூன்றரைச் சுற்று, ஒரு கையே போதும். முதல் வருடத்தில் ரிட்டர்ன் ஹோஸ் கிளாம்பில் கசிவு வந்தது, மாற்றினேன். ஹை பிரஷர் ஹோஸ், புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மிக அருகில் போனதால் கவசம் சுற்றியிருக்கிறேன். முழுக்கத் திருப்பிப் பிடித்தால் ஐடில் இறங்கி எஞ்சின் தள்ளாடியது; கார்புரேட்டரில் ஐடிலைக் கொஞ்சம் ஏற்றியதும் நின்றது. ஆரம்பத்தில் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பவில்லை. அலைன்மென்டில் காஸ்டரை (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) கூட்டச் சொன்னேன். மேனுவலில் அப்படிக் கூட்டினால் கை இன்னும் கனக்கும், பவரில் அந்தக் கவலை இல்லை. அன்றிலிருந்து நெடுஞ்சாலையிலும் வண்டி கோடு போட்ட மாதிரி போகிறது.