பெடல் மெசின்ல நிட் கவுன் தைக்க முடியுமா? நான் வாங்குன பெட்ரன் பத்தி

நிட்னா டீசேர்ட் மாதிரி இழுத்தா நீளுற துணி, பெட்ரன்னா துணி வெட்டுறதுக்கு அளவு போட்ட தாள். மொதல்லயே சொல்லிட்றேன், பெட்ரன் நல்லது. ஆனா அத எழுதுனவங்க வீட்ல வளைஞ்சி வளைஞ்சி தைக்கிற ஸிக்ஸாக் மெசினும் ஓரம் அடிக்கிற ஓவர்லொக்கும் இருக்கும் போல, எங்க வீட்ல இருக்கது பாட்டி காலத்து கறுப்பு சிங்கர், பெடல் மெசின், நேர்த்தையல் மட்டும் தான் போடும். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877ல, எங்க மெசின பாத்தா அந்த மொத கப்பல்லயே வந்து எறங்குன மாதிரி தான் இருக்கும். அதுல இந்த கவுன தச்சி முடிச்சேனா இல்லயான்னு தான் இந்த ரிவியூ.

வாங்குனது ஒரு வெளிநாட்டு பிடிஎப் பெட்ரன், 12 டொலர், கட்டார்ல இருக்க தம்பி கார்டுல கட்டுனான். முட்டிக்கு கீழ வரைக்கும் வர்ற சிம்பிள் டீசேர்ட் துணி கவுன், முக்கா கை, இடுப்புல லேசா வளைவு, ரெண்டு பக்கமும் பொக்கெட். நம்ம ஹட்டன் குளிருக்கு மேல ஒரு சுவெட்டர போட்டா போதும், வீட்டுக்கும் டவுனுக்கும் ஒன்னாவே ஓட்டிறலாம்.

பிரின்ட் எடுக்க கம்யூனிகேஷன் கடைக்கு போனேன், 28 பக்கம். அங்க இருந்த பையன் வழக்கம் போல பக்கத்துக்கு பொருந்துற மாதிரி அடிச்சி குடுத்துட்டான், நானும் வீட்டுக்கு வந்து எல்லாத்தயும் ஒட்டி முடிச்சிட்டு தான் அளவு சரியான்னு பாக்க ஒரு பக்கத்துல போட்டிருக்க டெஸ்ட் கட்டத்த அளந்து பாத்தேன், 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது 9.6 தான் இருக்கு. என்ன பெரிய வித்தியாசம்னு விட்டுறாதீங்க, 40 இஞ்சி மார்புக்கு ஒன்னரை இஞ்சிக்கு மேல கொறஞ்சிரும். திரும்ப போயி நூறு வீதம்னு சொல்லி எடுத்தேன். மொதல்ல அந்த கட்டம் இருக்க பக்கத்த மட்டும் எடுத்து அளந்து பாத்துட்டு மிச்சத்த அடிக்க சொல்லுங்க.

துணிக்கு பெட்ரன்ல 1.8 மீட்டர்னு போட்டிருக்கு. எங்க டவுன்ல காமென்ட் மிச்ச துணி விக்கிற கடையில மீட்டர்ன்னு பேச்சே இல்ல, கிலோ தான். கணக்கு போட்டு பாத்தேன், 1.5 மீட்டர் அகலத்துல, சதுர மீட்டருக்கு 180 கிராம் துணின்னா கிட்டத்தட்ட அரை கிலோ வருது, அதுக்கு மேல ஒரு 100 கிராம் சேத்து வாங்கிக்கிட்டேன், மிச்ச துணியில ஓட்டை கீட்டை இருந்தா தள்ளி வெட்டணுமே. நீளுற அளவையும் அங்கயே பாத்துருங்க, 10 சென்டிமீட்டர புடிச்சி இழுத்தா 14, 15 வரைக்கும் போவணும், விட்டா பழயபடி சுருங்கி வரணும். நல்ல பக்கம் எதுன்னு தெரியலன்னா குறுக்கால இழுங்க, சிங்கிள் ஜெர்சின்னா, அதான் சாதா டீசேர்ட் துணி, வெட்டுன ஓரம் நல்ல பக்கத்துக்கு தான் சுருளும். இத சொல்லி குடுத்தது எங்க மதினி, கல்யாணத்துக்கு முந்தி கட்டுநாயக்க சோன்ல காமென்ட் பெக்டரில ஆறு வருசம் மெசின்ல இருந்தது.

வெட்டுறதுக்கு முந்தி கட்டாயம் துணிய கழுவி காய வைக்கணும், கொட்டன் கலந்தது சுருங்கும். பெட்ரன்ல ஒரு வரில சொல்லிட்டு போயிட்டாங்க, ஜூலை மாச மழையில ஹட்டன்ல ஒரு துணி காய எத்தன நாளுன்னு அவங்களுக்கு என்ன தெரியும், எனக்கு மூனு நாள். கடைசியில அடுப்படியில கட்டுன கொடியில தான் காஞ்சிச்சி, வாசம் வேற.

சைஸ் சார்ட் சரியா தான் இருக்கு, ஆனா 5 அடி 6 இஞ்சி ஒயரத்துக்கு போட்டது, நான் 5 அடி. இங்க தான் பெட்ரன பாராட்டணும், எங்க கொறைக்கணும்னு இடுப்புக்கு மேல ஒரு கோடு கீழ ஒரு கோடு போட்டு குடுத்திருக்காங்க. மேல ஒன்னரை இஞ்சி, கீழ 2 இஞ்சி மடிச்சேன். அடியில மட்டும் வெட்டிட்டா ஒயரம் சரியாயிரும், இடுப்பு வளைவு போயி தொடையில ஒக்காந்துரும்.

இப்ப மெசின் கத. சாதா ஊசில தச்சா மூனு தையலுக்கு ஒன்னு விட்டுட்டு போவுது. துணி ஊசியோடயே சேந்து மேலயும் கீழயும் போறதால கொக்கிக்கு நூல் சிக்காது. 75 நம்பர் பால்பாயிண்ட் ஊசி வாங்கி போட்டேன், முனை மழுங்குனது, நூல குத்தாம ஒதுக்கிட்டு போவும், பழய சிங்கருக்கும் அதே ஊசி பொருந்துது. அப்புறம் துணிய அமுக்கி புடிக்கிற மெசின் காலோட அழுத்தத்த கொறைக்கணும், மெசின் தலையில இடது பக்கம் இருக்க திருகாணிய ரெண்டு மூனு சுத்து லூஸ் பண்ணா துணி அலை அலையா நீளாது. அதுக்கும் அடங்கலன்னா பட்டம் கட்டுற டிசு பேப்பர துணிக்கு அடியில வச்சி தச்சிட்டு கிழிச்சிருங்க. நூல் பொலியெஸ்டர் தான், கொட்டன் நூல் அறுந்துரும். தைக்கிறப்ப முன்னும் பின்னும் லேசா, ரொம்ப லேசா இழுத்து புடிச்சிக்கணும், பக்கத்துல இன்னொரு வரி போட்டா இன்னும் நல்லம்.

தோள்பட்டை தையல் இதுக்கு நேர் எதிரா, அங்க நீளவே கூடாது, நீண்டா கை எறங்கி தொங்கும். பெட்ரன்ல கண்ணாடி மாதிரி தெரியிற மெல்லிசு இலாஸ்டிக் வைக்க சொல்றாங்க, அது கெடைக்கல, பழய பருத்தி சாரி ஓரத்துல ஒரு மெல்லிசு துண்ட வெட்டி வச்சி தச்சிட்டேன், நல்லா நிக்கிது.

கழுத்து தான் எனக்கு அழுகையே வந்த எடம். மொத தடவ பெட்ரன் சொன்ன மாதிரியே கழுத்த சுத்தி வர்ற பட்டிய தச்சி தலையில மாட்டுனேன், டப் டப்புன்னு தையல் பூரா அறுந்து போச்சி. மதினி டேப்ப எடுத்து கழுத்த அளந்துட்டு, "52 சென்டிமீட்டர் தான் புள்ள இருக்கு, ஒன் தலையே 56, நேர்த்தையல் எங்க போயி நீளும்"னு சிரிச்சிச்சி. பட்டிய பிரிச்சிட்டு கழுத்த 60 வர்ற வரைக்கும் பெருசாக்குனேன். இப்ப தையல் நீள வேண்டிய அவசியமே இல்ல, பட்டித்துணி மட்டும் நீண்டா போதும். புது பட்டிய 60ல 85 வீதம், அதாவது 51, தைக்கிறதுக்கு 2 சேத்து 53 சென்டிமீட்டர் வெட்டி, நாலு பாகமா குண்டூசி குத்தி, பட்டிய மட்டும் இழுத்து தச்சேன். கழுத்துல படிஞ்சி அழகா ஒக்காந்திருக்கு.

இன்னொரு கொற, தையல் விடுறதுக்கு கால் இஞ்சி தான் குடுத்திருக்காங்க, அது ஓவர்லொக்குக்கு சரி, நம்ம மெசின்ல சுருளுற ஓரத்தோட கால் இஞ்சில மல்லுக்கட்ட முடியாது, வெட்டுறப்பவே 1 சென்டிமீட்டராக்கிக்கோங்க. ஓரம் அடிக்க டவுனுக்கு கொண்டு போறேன்னேன், "இது நூல் பிரியாது, எதுக்கு வீண் செலவு"ன்னு மதினி விடல.

அடி மடிப்புக்கு ரெட்டை ஊசி, அதாவது ஒரே நேரத்துல ரெண்டு வரி போடுற ஊசின்னு போட்டிருக்கு, பழய சிங்கர்ல ஊசி போற ஓட்டை சின்னது, ரெட்டை ஊசி போட்டா ஒடைஞ்சி மூஞ்சில தெறிக்கும். ஒரு ராத்திரி கவுன தொங்க விட்டுட்டு, அடுத்த நாள் அடிய சமமா வெட்டி, எக்ஸ் மாதிரி குறுக்கு குறுக்கா கைத்தையல் போட்டேன், நல்லா நீளுது, வெளியவும் தெரியல. ஒரு நாடகம் பாத்து முடிக்கிற நேரம் தான்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஒன்ன கொறச்சது பொக்கெட்டுக்கு, அதே மெல்லிசு துணியில தைக்க சொல்லிருக்காங்க, போன போட்டா ஒரு பக்கம் அப்புடியே எறங்கிருது, நான் பிரிச்சி எடுத்துட்டேன். இப்ப அம்மாவுக்கு ஒன்னு வெட்டி வச்சிருக்கேன், பொக்கெட் இல்லாம தான் தைக்க போறேன்னு சொன்னா, அப்ப வெத்தல பைய எங்க வைக்கிறது, பொக்கெட் இல்லாட்டி கவுனே வேணாம்னு ஒக்காந்திருக்கு.