மூத்த பிட்சரை வைத்துக்கொள்வதா, இளம் வீரர்களுக்குக் கொடுத்துவிடுவதா?

நண்பர்கள் 12 பேர் சேர்ந்து ஒரு ஃபேன்டஸி பேஸ்பால் லீக் நடத்துகிறோம். நிஜ வீரர்களைக் கொண்டு ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, நிஜ ஆட்டங்களில் அவர்கள் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டியிடுவதுதான் அது. வருடாவருடம் அணியைக் கலைக்கும் வகை இல்லை. எடுத்த வீரர் நாமாக விடும்வரை நம்மிடமே இருப்பார், மேஜர் லீகுக்குக் கீழே மைனர் லீகில் ஆடும் பையன்களையும் எடுத்து வைக்கலாம். போன ஜூலையில் என் அணி ஒன்பதாவது இடத்தில் இருந்தது. கையில் 36 வயது பிட்சர் (பந்து வீசுபவர்) ஒருவர், அருமையாக வீசிக்கொண்டிருந்தார். அவரைக் கொடுத்து, மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே, டபுள்-ஏ மட்டத்தில் ஆடும் 20 வயதுக்காரர்கள் இருவரை வாங்கினேன். ஒருவர் பிட்சர், மற்றவர் ஷார்ட்ஸ்டாப் (களத்தடுப்பாளர், பேட்டும் செய்பவர்). அதைச் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் அணி மூத்தவரை விடக்கூடாது, கடைசியில் கிடக்கும் அணி விடலாம். வயது ஏறினால் கை தளரும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். இந்த ஊர் இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறது. 1987 ஆகஸ்டில் இந்த ஊரின் டைகர்ஸ் அணி அட்லாண்டாவிடமிருந்து 36 வயது பிட்சர் டாயில் அலெக்ஸாண்டரை வாங்கியது. அவர் வந்து ஒன்பது ஆட்டங்கள் ஜெயித்தார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.53 ரன் மட்டுமே கொடுத்தார். அணி சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபுக்கே போனது. அங்கே மினசோட்டாவிடம் அவர் தொடங்கிய இரண்டு ஆட்டமும் போய்விட்டது. அவருக்கு ஈடாகக் கொடுத்த பையன் ஜான் ஸ்மோல்ட்ஸ், அவரும் பிட்சர். இதே மிச்சிகனில், லான்ஸிங்கில் வளர்ந்தவர். அந்த வருடம் டபுள்-ஏயில் அவருக்கு 4 வெற்றி, 10 தோல்வி. அந்த எண்களைப் பார்த்தால் நானும் கொடுத்திருப்பேன். அவர் பிறகு 213 வெற்றியும் 154 சேவும் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைப்பது) எடுத்து, 2015இல் பேஸ்பாலின் உயரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார்.

முப்பது வருடம் கழித்து, 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்னால், அதே டெட்ராய்ட் தன் மூத்த பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டரை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. அவர் அங்கே போய் மேஜர் லீகின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை ஜெயித்தார், பிறகு சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இரண்டு முறை வாங்கினார். டெட்ராய்ட்டுக்கு வந்த மூவரில் பெரிதாகப் பேசப்பட்டவர் ஃப்ராங்க்ளின் பெரெஸ் என்ற இளம் பிட்சர். காயத்துக்கு மேல் காயம், மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. நிலைத்து ஆடியவர் கேட்சர் ஜேக் ரோஜர்ஸ்.

இந்த இரண்டையும் வைத்து 'எல்லாம் அதிர்ஷ்டம்' என்று இங்கே பலரும் முடித்துவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கொடுப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் தீர்மானிக்கிறது: அந்த மூத்த பிட்சரின் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருடம் மிச்சம், அது எவ்வளவு மலிவு.

2016 டிசம்பரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி கிறிஸ் சேல் என்ற பிட்சரைப் பாஸ்டனுக்குக் கொடுத்தபோது மூன்று வருடம் மிச்சம், அதுவும் குறைந்த சம்பளத்தில். பாஸ்டன் யோவான் மொன்காடா, பிட்சர் மைக்கேல் கோபெக் உட்பட நான்கு இளம் வீரர்களைக் கொடுத்தது. அடுத்த ஜூலையில் ஒயிட் சாக்ஸ் கொடுத்தது ஹோஸே கின்டானா என்ற பிட்சரை. அவருக்கும் மூன்று சீசனுக்கு மேல் பாக்கி. ஈடாக எலாய் ஹிமெனெஸ், டிலன் சீஸ் என்ற இளம் வீரர்கள் கிடைத்தார்கள். 34 வயது வெர்லாண்டருக்கு இரண்டு வருடம் பாக்கி இருந்தும் சம்பளம் மிகப் பெரியது. அதில் ஒரு பகுதியை டெட்ராய்ட்டே கட்ட வேண்டியிருந்தது. விலை இறங்கியதற்கு அதுவே காரணம் என்பது என் கணக்கு.

இளம் வீரர் பக்கம் இதே கணக்கு தலைகீழாக ஓடும். மேஜர் லீகுக்கு வந்த பிறகு ஏறக்குறைய ஆறு வருடம் அவர் அந்த அணிக்கே சொந்தம். முதல் மூன்று வருடம் குறைந்தபட்ச சம்பளத்தை ஒட்டித்தான். 2025இல் அது 7,60,000 டாலர். 2023இல் மெட்ஸ் அணியில் மூத்த பிட்சர்கள் வெர்லாண்டருக்கும் ஷெர்ஸருக்கும் ஆளுக்கு வருடம் 4.33 கோடி டாலர் சம்பளம். அந்தப் பணத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களை வைத்துக்கொள்ளலாம். பத்தில் எட்டுப் பேர் தேறாவிட்டாலும் தாங்கும். அதனால் கொடுப்பதென்றால் சீக்கிரம் கொடுங்கள். ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு மாதம் வரை காத்திருந்தால் பேரத்தில் வாங்குபவர் கை ஓங்கிவிடும்.

அப்படிக் காத்திருந்தும் நல்லது நடந்ததுண்டு. 2008இல் ஒப்பந்தம் முடியப்போகும் சபேதியா என்ற பிட்சரைக் கிளீவ்லாந்து அணி மில்வாக்கிக்கு அனுப்பியது. அவர் 11 வெற்றி, 2 தோல்வி என்று வீசி, 1982க்குப் பிறகு முதல்முறையாக அந்த அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். கிளீவ்லாந்து நம்பி வாங்கிய மாட் லபோர்டா தேறவில்லை. 'ஒருவரைப் பிறகு சொல்கிறோம்' என்று விட்டு, அக்டோபரில் எடுத்த மைக்கேல் பிரான்ட்லிதான் நட்சத்திரமானார்.

என் பக்கத்துக்கு எதிரான சாட்சியையும் சொல்ல வேண்டும். அந்த ஒயிட் சாக்ஸ் 2020, 2021 இரண்டிலும் பிளேஆஃபில் ஆடிய முதல் தொடரைத் தாண்டவில்லை. 2024இல் 121 ஆட்டம் தோற்றது. நல்ல பையன்களை வாங்குவது ஒரு வேலை, வளர்த்தெடுப்பது வேறு வேலை. பாஸ்டனோ 2018இல் கோப்பையைத் தூக்கியது, கடைசி பந்தை வீசியவர் சேல். கோபெக்குக்கு அதே வருடம் முழங்கை அறுவை சிகிச்சை. ஆகவே பிட்சரைக் கொடுத்துப் பிட்சரை வாங்குவதில் எனக்கு இப்போது தயக்கம் அதிகம். பேட்டராகக் கேட்பேன்.

இன்னொன்று, எங்கள் லீகில் சம்பளமும் ஒப்பந்தமும் கிடையாது. 'இன்னும் எத்தனை வருடம் நன்றாக வீசுவார்' என்று வாங்குபவர் மனதில் போடும் கணக்கு மட்டும்தான். அதனால் என் அனுபவம் நிஜ அணிகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நான் வாங்கிய பிட்சருக்கு மார்ச்சில் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது, அடுத்த வருடம்தான் வீசுவார். ஷார்ட்ஸ்டாப் மே மாதம் அடுத்த படியான டிரிபிள்-ஏக்கு ஏறிவிட்டார். இந்த ஜூலையில் என்னிடம் 33 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். கேட்ட நண்பரிடம், "பிட்சர் வேண்டாம், பேட்டராகக் கொடுங்கள்" என்று எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.